முந்நூற்றுப் பன்னிரண்டு பான்சிப் பூக்கள்

இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு என் வீட்டு வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. சாரதி பின்கதவை இறக்கியதும் மணம் முன்னால் வந்துவிட்டது. ஈரமான கறுத்த மண்ணும் மக்கிய தேயிலைத் தூளும் கலந்த மலைநாட்டு மணம். நம் ஊர் மண்ணுக்கு அது கிடையாது. நம் மண் மழை பெய்து ஓய்ந்த பிறகும் உப்பும் கருவாடுமாகத்தான் மணக்கும். எனக்கு அந்தக் கறுத்த மண்ணின் மணத்தோடு இரத்த வாடையும் சேர்ந்து வரும். நான்கு வருடமாக அப்படித்தான்.

சாரதி ஒரு தட்டை இறக்கி என் காலடியில் வைத்தான். பன்னிரண்டு பான்சிச் செடிகள். எல்லாம் பூத்திருந்தன.

"செல்வம் அண்ணே குடுத்து விட்டாருங்க. போட்டோ ஐயாவுக்கு."

"போட்டோ ஐயா மௌத்தாகி ஆறு மாசம் தம்பி. செல்வத்துக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. தெரிஞ்சிதான் அனுப்புனாரு. ஐயா இல்லாட்டி ஐயாவோட கூட்டாளிகிட்ட குடுன்னாரு."

கூட்டாளி நான்தான். தட்டை உள்ளே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, இறந்துபோன உனக்கு இதை எழுதுகிறேன்.

கல்முனைப் பஸாரில் உனக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. கலியாணப் படமும் அடையாள அட்டைப் படமும் எடுத்து அதில் பிழைத்தாய். இடையில் நான் கூப்பிட்டால் கமராவைத் தூக்கிக்கொண்டு வருவாய். வாகனம் மோதிச் செத்தவர்கள், யானை மிதித்த வயற்காரர், கிணற்றிலிருந்து தூக்கிய பெண். இருபத்திரண்டு வருடம் என் செய்திகளுக்கு நீதான் படம். வருடத்தில் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், மட்டும் நான் கூப்பிட்டாலும் முகம் சுளிப்பாய். அது மாரி மழை விட்டு, கடற்காற்று குளிர்ந்து, விடியற்காலையில் மதிலெல்லாம் பனியில் நனைந்து கிடக்கும் காலம். நுவரெலியாப் பக்கமிருந்து செல்வத்தின் பூச்செடி லொறி கீழே இறங்கும் காலம். பான்சி நம் கரையில் அதற்கு மேல் நிற்காது. வெயில் ஏறத் தொடங்கினால் அவித்த கீரை போலச் சரிந்துவிடும்.

"ஆறு கிழமதான் காக்கா. அதுக்குள்ள எடுக்கிறத எடுத்திரணும்" என்பாய். உன்னைவிட மூத்தவன் என்பதால் நான் உனக்குக் காக்கா, அண்ணன்.

நீ பூவைப் படம் எடுப்பதைப் பார்த்தவர்கள் பயந்துபோவார்கள். மாப்பிள்ளையின் தொப்பியைப் பக்குவமாக நேராக்கி விடுகிற ஆள் அங்கே இல்லை. வாடிய இதழை நகத்தால் கிள்ளி எறிவாய். காற்று அசைத்தால் காற்றின் உம்மாவை இழுத்து ஏசுவாய். முழங்காலில் நின்று, நெஞ்சால் ஊர்ந்து, முகத்தோடு முகம் வைத்துச் சண்டை பிடிப்பவன் போல எடுப்பாய். ஒரு பூவுக்கு நாற்பது படம். நான் சிரிப்பேன்.

"எல்லாம் ஒரே பூதானே, என்னத்துக்கு இவ்வளவு?"

"ஒரே பூவா? கண்ணத் துறந்து பாருங்க காக்கா. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு மூஞ்சி. இந்தா, இந்த மஞ்சள் அடி வாங்கினவன்ட மூஞ்சி. அந்தா, அந்த ஊதா அடிச்சவன்ட மூஞ்சி."

வருடா வருடம் அவற்றில் மூன்றைத் தெரிவு செய்து கொழும்பிலுள்ள என் பேப்பருக்கு அனுப்புவேன். ஒவ்வொன்றின் அடியிலும் 'படம்' என்று எழுதி உன் பெயரை எழுதுவேன். நிருபனாகச் சேர்ந்த முதல் கிழமையில் பழகிய பழக்கம் அது: யார் எடுத்தாரோ அவர் பெயர் கடைசி வரியில் இருக்க வேண்டும். அவர்கள் காலநிலைச் செய்திக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருந்தால் பூவைப் போடுவார்கள். இடம் போதாமல் பெயரை வெட்டிவிடுவார்கள். நீ பேப்பரை விரித்து, "பூ வந்திரிக்கி. நான் வரல்ல" என்று சொல்லிவிட்டு மடித்து வைப்பாய்.

அந்தக் காலையை வரிசையாகவே சொல்கிறேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து கடற்கரை வீதிக்குப் போனோம். செல்வத்தின் லொறி வந்திருந்தது. கிழக்கே பார்த்து நிறுத்தும்படி முதல் நாளே போனில் சொல்லியிருந்தாய். வானம் மூடிக் கிடந்தது. உனக்கு அதுதான் நல்ல வெளிச்சம். நான் மீன் பெட்டியின் எடையில்லாத வெள்ளை ரெஜிபோம் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பூவின் நிழற்பக்கத்துக்கு வெளிச்சம் திருப்ப.

"ஆடாம நில்லுங்க காக்கா. நீங்க பூவுக்கு வெளிச்சம் அடிக்கிறீங்களா, எனக்கு மீன் வாடை அடிக்கிறீங்களா?"

செல்வம் சிரித்தான். ஒல்லியான மனிதன், காதை மூடிய கம்பளித் தொப்பி, கடற்கரைக்கு வந்தும் அதைக் கழற்ற மாட்டான். "ஐயா எடுக்குற எடுப்புல பூவெல்லாம் தேஞ்சிறப் போவுதுங்க" என்றான்.

எட்டு மணி அளவில் எதிர் வீட்டிலிருந்து நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை ஓடி வந்தது. இரவு உடுப்போடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு. லொறித் தட்டு அதற்கு எட்டவில்லை. நீ சொன்னாய்: "செல்வம், அந்தப் புள்ளையக் கொஞ்சம் தூக்குங்க. ஊதாப் பூவுக்குப் பக்கத்தில மூஞ்ச வைக்கட்டும்."

அவன் தூக்கினான். குழந்தை பூவைப் பார்த்து வாயைப் பிளந்தது. ஒரே ஒரு படம் எடுத்தாய். பிறகு அதை லொறித் தட்டிலேயே உட்கார வைத்தான். நீ பற்றரி மாற்ற உன் மோட்டார் சைக்கிளுக்குப் போனாய். நான் எதிர்க் கடைக்குப் பிளேன்டீ சொல்லப் போனேன். நான்கு நிமிடம். அதற்கு மேல் இல்லை.

மூன்று நாளாக எல்லோருடைய போனிலும் ஒரு குரல் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியூர் லொறி வருகிறதாம், பொம்மையும் பூவும் காட்டிப் பிள்ளை பிடிக்கிறார்களாம். யார் குரல் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் வந்தது. பொலிசில் கேட்டேன், அப்படி ஒரு முறைப்பாடும் இல்லை என்றார்கள். செய்தி இல்லாத இடத்தில் என்ன எழுதுவது என்று விட்டுவிட்டேன். அன்று எழுதியிருக்கலாம்.

குழந்தையின் தாய் வாசலுக்கு வந்தாள். தன் பிள்ளை ஓர் அன்னிய லொறியின் மேல் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். அவள் போட்ட கூச்சல் மீன் ஏலம் நடந்த இடம் வரை போனது.

"புள்ள புடிகாரன்! உடாத, புடி!"

முதலில் ஏழு பேர். நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வீதியைக் கடப்பதற்குள் முப்பது பேர். செல்வத்தின் தொப்பியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். அவனுடைய சட்டிகளாலேயே அடித்தார்கள். மண்ணோடும் பூவோடும் சட்டியைத் தூக்கித் தலையில் போட்டார்கள். உதைத்த கால்களில் சில செருப்பில்லாதவை. பெருவிரல்களில் இதழ் ஒட்டியிருந்தது. ஒருவர் துடுப்பைக் கொண்டுவந்தார். சத்தம் நனைந்த சாக்கில் அடிப்பது போல இருந்தது. அவன் கையை முகத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, "போட்டோ ஐயா சொல்லித்தாங்க தூக்குனேன், போட்டோ ஐயாவ கேளுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு சொல்வது நின்றது.

நீ ஓடி வந்தாய். "நான்தான்டா தூக்கச் சொன்ன! என்ன அடிங்கடா!" என்று கத்தினாய். உன்னை இரண்டு தடவை இழுத்து வெளியே எறிந்தார்கள். நான் ஒருவருடைய சட்டையைப் பிடித்தேன். முழங்கை என் வாயில் பட்டது. ஒரு பல் போனது. மூன்றாம் தடவை நீ உள்ளே போகவில்லை. நின்றாய். கமராவைத் தூக்கினாய்.

அதைப் பற்றிப் பிறகு நான் கேட்டபோது சொன்னாய்: "கத்திப் பாத்தன், ஒருத்தனும் கேக்கல்ல. மிச்சம் கையில இருந்தது அதுதான்."

பதினொரு படங்கள். பன்னிரண்டாவதை எடுக்க விடவில்லை. ஒரு பெரிய மீசைக்காரர், வலை முதலாளி, உன் கழுத்தைப் பிடித்து லொறியோடு சாத்தினார். "படமா புடிக்கிறாய்? காட்டுடா! எங்கட மூஞ்சி இருந்திச்சோ, இஞ்சயே உனக்குக் கபுறு தோண்டுவம்!"

அப்போது நீ செய்ததைப் பக்கத்தில் நின்று நான் பார்த்தேன். கமராவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி பின்பக்கத் திரையைத் திறந்தாய். கடைசியாக எடுத்த படம்தான் முதலில் வரும். அதை அவர் காணுமுன் வலப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினாய். கடைசிப் படத்துக்கு அடுத்து, சுற்றிக்கொண்டு, முதற் படம் வரும். மஞ்சள் பான்சி ஒன்று வந்தது. அதன் பிறகுதான் கமராவை அவரிடம் நீட்டினாய். இடப்பக்கம் ஒரேயொரு தட்டுத் தட்டியிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அவர் வலப்பக்கமே தட்டினார்.

"என்னடா இது?"

"பூ."

"அடுத்தது?"

"அதுவும் பூ."

"இது முந்தினதுதானே?"

"இல்ல முதலாளி. அதுல நடுவுல கறுப்பு, இதுல நடுவுல மண்ணிறம்."

அவர் தட்டிக்கொண்டே போனார். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். ஊதா. வெள்ளையில் ஊதா. நாலு பேர் தலையை நீட்டிப் பார்த்தார்கள். எவனோ ஒருவன், "பூவுக்குமாடா இத்தின படம்?" என்றான். செல்வம் எங்களுக்குப் பின்னால் மண்ணில் கிடந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஐம்பது. அறுபது. எத்தனை எடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. பூ முடிவதற்குள் அவருக்குப் பொறுமை முடிய வேண்டும். அவ்வளவுதான் அந்த நேரத்தில் நான் இறைவனிடம் கேட்ட துஆ.

நாலு தலைகளில் ஒன்று ரிஸ்வானுடையது. உன் உடன்பிறந்த ராத்தாவின் மகன். கையில் செல்வத்தின் மண்வெட்டிப் பிடி இருந்தது, நுனி நனைந்திருந்தது. அவனுடைய கலியாணத்துக்கு நீதான் படம் எடுத்தாய். உன் கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடையில் விளையாடியவன். எந்தப் பக்கம் தட்டினால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். உன்னைப் பார்த்தான். நீயும் பார்த்தாய். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

எழுபத்து நான்காவது பூவில் மீசைக்காரர் நிறுத்தினார். "பைத்தியக்காரன்" என்று உன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கமராவை மண்ணில் எறிந்தார். போனார்கள்.

செல்வத்தை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவன் தலை உன் மடியில். வழியெல்லாம் நீ அவன் காதிலிருந்து பூமண்ணை விரலால் எடுத்துக்கொண்டே வந்தாய். இடது கண் போய்விட்டது என்று பின்னேரம் வைத்தியர் சொன்னார். தடியின் நுனி பட்டிருக்கிறது என்றார்.

இருட்டி, மஹ்ரிபுத் தொழுகைக்குப் பிறகு உன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து கம்பியூட்டரில் பார்த்தோம். எண்ணினேன். பூ முந்நூற்றுப் பன்னிரண்டு. குழந்தையும் செல்வமும் சிரிக்கிற படம் ஒன்று. அடி பதினொன்று. அதில் நான்காவது படத்தில் மண்வெட்டிப் பிடி இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்திருக்கிற ரிஸ்வானின் முகம் பூவைப் போலத் துல்லியமாக இருந்தது.

நீ அதைப் பெரிதாக்கினாய், மறுபடி சிறிதாக்கினாய். பிறகு கேட்டாய்: "இந்த நாலாவத மட்டும் எடுத்திட்டுக் குடுத்தா என்ன காக்கா?"

"படத்துக்கு நம்பர் இரிக்கி. இடையில ஒண்டு இல்லாட்டி, அது எங்க எண்டு கோட்டுல நீதவான் கேப்பாரு. பிறகு மிச்சம் பத்தையும் நம்பமாட்டாங்க."

"அவன் தகப்பன் இல்லாத புள்ள."

"செல்வத்துக்கும் ரெண்டு புள்ள இரிக்கி."

நீ மேசையில் குத்தினாய். கண்ணாடிக்கு அடியில் இருந்த கலியாணப் படங்கள் எல்லாம் குலுங்கின. "தூக்கச் சொன்ன நான். அவன் வாய் நோக நோக என்னக் கேளுங்க, என்னக் கேளுங்க எண்டு சொன்னான். கேக்க வேண்டியவனுகள் கேக்கல்ல. இப்ப கோடு கேக்கும். நான் நாலாவத ஒளிச்சிட்டா என்ன பதில் சொல்ற?" உன்னையே கேட்டாய். என்னை அல்ல. விடிந்ததும் முழுவதையும் பொலிசில் கொடுத்தாய்.

என்னிடம் ஒன்றுதான் கேட்டாய். "பேப்பர்ல என்ட பேர் போட வேணாம் காக்கா. ராத்தா பேப்பர் பாக்கிறவ. ரிஸ்வான் பிடிபடத்தான் போறான். பிடிச்சுக் குடுத்தது நான்தான் எண்டு அவ பேப்பரப் பாத்து அறியக் கூடாது. நானே போய்ச் சொல்லுவன்."

"ஓம், போடல்ல" என்றேன்.

செய்தியை எழுதினேன். ஒவ்வொரு நேரத்தையும் சரிபார்த்தேன். முகங்களை மறைத்த ஒரு படத்தையும், குழந்தை பூவைப் பார்க்கிற படத்தையும் சேர்த்தேன். அனுப்பினேன். படங்களுக்கு அடியில் எதை எழுதினேன் என்பது மறுநாள் பேப்பரில் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. இரண்டு படத்துக்கும் அடியில் 'படம்' என்று இருந்தது. பக்கத்தில் உன் முழுப் பெயர் இருந்தது. இருபத்திரண்டு வருடம் பழகிய கை எழுதியிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் பெயரை வெட்டியவர்கள் அன்று வெட்டவில்லை.

பத்து மணிக்கு முன்னர் உன் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, நான் அங்கு இல்லை. அந்த ஓர் எண்ணிக்கை என்னிடம் இல்லை. கண்ணாடியெல்லாம் உடைத்தார்கள். பின்னணித் திரையைக் கிழித்தார்கள். உன் வலது கையை வாசல் நிலத்தில் வைத்து, கடையின் இரும்புச் சட்டரை இழுத்து இறக்கினார்கள். இரண்டு தடவை. நான் வந்தபோது நீ சுவரில் சாய்ந்து, அந்தக் கையை மடியில் ஒரு பார்சலைப் போல வைத்திருந்தாய். பக்கத்தில் பேப்பர் கிடந்தது.

நான் வாய் திறக்குமுன் நீ சொன்னாய்: "இருவது வருசம் பூப் படம் தந்தன். ஒரு நாளும் பேர் வரல்ல. இதுக்குப் போட்டிட்டீங்களே காக்கா."

சிரித்தாய். நீ என்னை ஏசியிருக்கலாம். காற்றையே ஏசுகிறவன்.

ராத்தாவின் வீட்டுக்கு நீ போகவும் முடியவில்லை. அவர்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்கு அருகில் வராமல் கதவில் நின்றார். "என்ட புள்ளைய நீ படம் புடிச்சுக் குடுத்தாய். அத பேப்பரப் பாத்துத்தான் நான் அறிஞ்சன். இனி எனக்குத் தம்பி இல்ல" என்றார். அப்போதும் உனக்கு மருந்து சாப்பாடு தந்தார்களா என்று தாதியிடம் கேட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த தை மாதம் செல்வம் வரவில்லை. வேறு சாரதியிடம் ஒரு தட்டுப் பான்சி அனுப்பினான். உன் வலது கையின் மூன்று விரல்கள் மடியாது. கமராவின் பொத்தானோ வலப்பக்கத்தில். நான் பார்த்துக்கொண்டிருக்க நீ கமராவைத் தலைகீழாகத் திருப்பினாய். இடது பெருவிரலால் அமுக்கினாய். படத்தில் எல்லாப் பூவும் தலைகீழாக விழுந்தன. "பரவாயில்ல காக்கா, பூவுக்குத் தெரியாது" என்றாய். காற்று வந்து அசைத்தது. பழையபடி அதன் உம்மாவை ஏசினாய். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்று தை அப்படி எடுத்தாய். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் காலத்தில், உன் நெஞ்சு நின்றது.

உன் ஜனாஸாவை அடக்கக் கொண்டுபோனபோது சந்தூக்குப் பெட்டியின் முன்காலை ரிஸ்வான் பிடித்திருந்தான். பிணையில் வந்திருந்தான். மண் போட்டு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு மையவாடி மதிலோரம் என்னிடம் வந்தான்.

"எனக்குத் தெரியும் காக்கா. இடப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினாக் காணும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?"

"மாமாட மூஞ்சப் பாத்தன். சொன்னா அந்த ஆளுக்குப் பக்கத்தில மாமாவையும் போட்டு அடிப்பானுகள். நானும் அடிப்பனோ எண்டு பயமா இருந்திச்சு." கையிலிருந்த மண்ணை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். "அடிக்கிறப்போ அப்பிடித்தான் காக்கா. கை சும்மா போகுது."

கை சும்மா போகுது. எனக்கு அதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. வழக்கின் அடுத்த தவணையில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். செல்வம் ஒற்றைக் கண்ணோடு வந்து கோட்டில் நின்றான். குழந்தையைத் தூக்கிச் சிரிக்கிற படத்தைக் காட்டியபோது, "இது நான்தாங்க" என்று மட்டும் சொன்னான். ரிஸ்வான் இப்போது சிறையில் இருக்கிறான்.

உன் வீட்டில் அன்றைய படங்கள் பதிந்த கமரா அட்டையை என்னிடம் தந்தார்கள். பொலிஸ் பிரதி எடுத்துவிட்டுத் திருப்பியது. விரல் நகத்தளவு, அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டும் ஒன்றும் பதினொன்றும். அதைக் கம்பியூட்டரில் போட்டு, முதற் பூவிலிருந்து தொடங்கி வலப்பக்கமாகவே தட்டுகிறேன். எழுபத்து நான்கு வந்ததும் நிற்கிறேன். இன்று காலைதான் முதன்முறையாக அதைத் தாண்டிப் போனேன். நூற்று ஒன்பதாவது ஒரு ஊதாப் பூ, நடுவில் மஞ்சள், ஓர் இதழின் ஓரத்தில் மீன் பெட்டி மூடியின் வெள்ளை வெளிச்சம் விழுந்திருக்கிறது. நான் ஆடாமல் நின்றிருக்கிறேன்.

அதைக் கொழும்புக்கு அனுப்ப எடுத்தேன். பக்கம் செய்கிற பெடியனுக்குப் போன் பண்ணினேன். "தம்பி, இடம் இல்லாட்டிப் பூவ வெட்டுங்க. பேர வெட்ட வேணாம்" என்றேன். அவன் சிரித்தான். வேடிக்கை என்று நினைத்திருப்பான்.

நான்கு வருடமாக எதை அனுப்பும்போதும், கடைசி வரியில் விரலை வைத்து, அது நானே எழுதியதா, என் கை எழுதியதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். கூட்டச் செய்தியானாலும் மழைச் செய்தியானாலும் அப்படித்தான். இன்று விரல் அதிக நேரம் அங்கேயே நின்றது. 'படம்' என்பதற்குப் பக்கத்தில் உன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். இது நான் எழுதியதுதான். அனுப்பினேன்.

நாளை வரும். ராத்தா இன்னும் பேப்பர் பார்க்கிறார்.